திறக்காத மேல்மாடிக் கதவு

அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பில் ஓடிய கதை விளையாட்டிலும் மழைதான். இருண்ட பங்களா, மெழுகுவர்த்தியோடு ஒரு பெண், மேல்மாடியில் பூட்டிய கதவு. படம் அசையாது. பொத்தானைத் தட்டினால் ஒரு வரி வரும், மறுபடி தட்டினால் இன்னொரு வரி. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் அந்தப் பெண்ணின் நிழல் விழுந்திருந்த அழகைப் பார்த்தால் விட்டுப்போகவும் மனம் வரவில்லை.

ஆங்கிலத்தில் வந்த வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல, மனைவி நெத்திலி ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு மாலை டூட்டி. கிளம்புவதற்குள் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரிந்தாக வேண்டும்.

“இன்னும் படியிலயா நிக்கிறா? மூணு நாள் ஓடி வர்ற மெயின்லேண்ட் கப்பலே ஹேடோ ஹார்பருக்கு வந்து சேர்ந்துடும்போல.”

“ஏறிக்கிட்டுத்தான் இருக்கா.”

“ஜல்தி ஏறச் சொல்லுங்க. எனக்கு பஸ் போயிடும்.”

வேகமாகத் தட்டினேன். மழையைப் பற்றியே வரி வரியாக வந்தது. தட்டின வேகத்தில், திரும்பிப் போகலாமா, கதவைத் திறக்கலாமா என்று அது கேட்டதைக் கவனிக்கவில்லை. விரல் முதலாவதை அழுத்திவிட்டது. அந்தப் பெண் படியிறங்கி ஊருக்கே போய்விட்டாள். கதை முடிந்தது. நடுவில் எங்கேயும் நான் ஆட்டத்தைச் சேமித்து வைக்கவுமில்லை.

“அச்சா,” என்றாள் மனைவி, கை கழுவிக்கொண்டே. “இத்தன நேரம் ஏத்துனது எறக்கி விடத்தானா?”

குடையோடு வாசலில் நின்று திரும்பினாள். “முதல்லேர்ந்து ஓட்டி வைங்க. நான் வர்றவரைக்கும் கதவ மட்டும் தொறந்துடாதீங்க.”

மறுபடி அதே பங்களா, அதே மழை. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் வரியைத் தட்டினேன்.