இடுக்கின் அந்தப் பக்கம்

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் ராஜகீழ்ப்பாக்கத்து நண்பர்கள் நாங்கள் நால்வர் மலேசியா போனோம். அங்கே ஒரு சுண்ணாம்புக் குகைக்குள் எங்களை அழைத்துப்போன அக்கா மலேசியத் தமிழர். ஒல்லி உடம்பு, முழங்கை முழுக்கச் சிராய்ப்புத் தழும்புகள். ஒவ்வொரு இடுக்கிலும் முதலில் நுழைந்து, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் தலைவிளக்கு எங்கள் கண்ணில் படாதபடி தலையைச் சாய்த்துக்கொள்வார்.

ஊர்ந்து போகும்போது ஓர் இடுக்கில் என் மார்பு சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த நண்பன், தாம்பரத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறுகிற பழக்கத்தில், "போ மச்சான், போயிடலாம்!" என்று என் காலைப் பிடித்துத் தள்ளினான். இன்னும் இறுகியது.

"தள்ளாதீங்க!" என்று அவனை அதட்டினார் அக்கா. பிறகு என்னிடம், "மூச்ச முழுசா வெளிய விடுங்க. நெஞ்சு சுருங்கும்" என்றார்.

"பயமா இருக்குக்கா."

"சரி, நானும் விடுறேன். சேர்ந்தே விடுவோம்."

இருவரும் விட்டோம். என் கையைப் பிடித்து இழுத்தார். வழுக்கிக்கொண்டு அவர் மடியருகே போய் விழுந்தேன்.

பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். இன்றும் ரயில் கூட்டத்தில் நசுங்கும்போது மூச்சை முழுதாக வெளியே விட்டு அவரை நினைத்துக்கொள்கிறேன். அவர் அப்போதே இடுக்கைத் தாண்டி, தாராளமான இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் நெஞ்சு சுருங்க வேண்டிய அவசியமே இல்லை.