செயலருக்கு மட்டும் வெறும் பாகு

தருமபுரியிலிருந்து வந்த காலை பஸ்ஸின் கண்டக்டர் மாரண்டஹள்ளி நிறுத்தத்தில் இறங்கி, எங்கள் வீட்டு வாசல்வரை நடந்து வந்து சொன்னார்: "ரெஜினா டீச்சர் நேத்து சாயங்காலம் போயிட்டாங்களாம்ங்க. அவங்க தம்பி உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு." நான் அப்போது செந்தூரா மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. அதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொண்டேன். ஏறியதிலிருந்து அழுதேன். பாலக்கோடு தாண்டியதும் அழுகை நின்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். அஞ்சலிக் கட்டுரையில் கோபம் ஆகாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரெஜினா டீச்சரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தருமபுரியில் கிறிஸ்தவ சபை நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் கணக்கு ஆசிரியை, நான் தமிழ். நான் மாரண்டஹள்ளிக்கு வரும்வரை இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்தோம். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. கேட்பவர்களிடம், கணக்குச் சரியாக வரவில்லை என்பார். உயரமானவர், வேகமாக நடப்பார், தப்புக் கணக்குக்குக்கூட வழி சரியாக இருந்தால் பாதி மதிப்பெண் போடுவார். பள்ளிக்கு வெளியே அவருடைய பேர் ஒரே ஒரு பலகாரத்தில் இருந்தது. கோடைக் காலத்தில் அவர் செய்யும் பழக் கிண்ணம்.

பெங்களூரிலிருந்து லாரியில் வரும் கறுப்புத் திராட்சையை வாங்கி, கையால் பிசைந்து, சர்க்கரையும் ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் சேர்த்துப் பெரிய ஊறுகாய் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டுவார். நோன்பு தொடங்கும் சாம்பல் புதனன்று கட்டினால் ஈஸ்டருக்குத்தான் அவிழ்ப்பார். தவக்காலம் முழுக்க அவர் விட்டுவைத்த ஆசை அந்த ஜாடிக்குள் இருக்கிறது என்று நான் கேலி செய்வதுண்டு. தித்திப்பான அந்த ஒயினில் பாதியை எடுத்து, கரண்டியில் ஒட்டும் அளவுக்குச் சுண்டக் காய்ச்சுவார். மல்கோவாவும் நுங்கும் பப்பாளியும் நறுக்கிப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மேலே அந்தச் சிவப்புப் பாகை ஊற்றி, கடைசியில் ஒரு கரண்டி காய்ச்சாத ஒயினும் விடுவார். ஈஸ்டருக்கு மறுநாள் பள்ளிக்காரர்களும் சபைக்காரர்களும் அவர் வீட்டில் கூடுவார்கள். சபையைச் சேராத எனக்குத்தான் முதல் கிண்ணம்.

ஒருமுறை பாகு கொதிக்கக் கொதிக்க ஊற்றப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார். "சூட்டோட ஊத்துனா பழம் கொழஞ்சு போவும் டீச்சர். ஆற வுடுங்க. நல்லா ஆறட்டும்." அவர் எனக்குச் சொன்னவற்றில் நான் மறக்காதது இதுதான்.

அப்போது மதுவிலக்குக் காலம். வீட்டில் ஒயின் வைத்திருப்பது குற்றம் என்று ஊருக்கே தெரியும். ஊரே வந்து சாப்பிட்டதால் யாரும் அதைக் குற்றமாக நினைக்கவில்லை. சபைச் செயலர் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரை இந்தக் கட்டுரையில் எழுத எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வருடமும் மூன்று கிண்ணம் சாப்பிடுகிறவர் அவர்.

ஒரு வருடம், ஈஸ்டருக்கு மூன்று நாள் முன் வரும் பெரிய வியாழனன்று கோயிலில் கொடுக்கும் திருவிருந்துக்கு வர வேண்டிய ஒயின் வந்து சேரவில்லை. முந்தின நாள் செயலர் டீச்சர் வீட்டுக்கு ஓடி வந்தார். ஆண்டவருடைய மேசைக்குத்தானே என்று டீச்சர் முதல்முறையாக ஈஸ்டருக்கு முன்பே ஜாடியை அவிழ்த்துக் கொடுத்தார்கள். நான் அப்போது விடுமுறைக்குப் பென்னாகரத்தில் என் தாய்வீட்டில் இருந்தேன். ஜாடி எப்போதும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும், அது எனக்குத் தெரியும். அந்த வருடம் வெயில் கடுமை என்று அதைக் கொல்லைப்புறக் கோழிக்கூட்டுக்குப் பின்னால், ஈரச் சாக்கு சுற்றி, மாற்றி வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. செயலருக்குத் தெரியும், அங்கிருந்துதானே மொண்டு கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் பள்ளிக்குப் புதுத் தலைமை ஆசிரியை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மூப்புப்படி ரெஜினா டீச்சர். அவருக்கு அடுத்தவர் செயலரின் மைத்துனி. தேர்வுக்கு முந்தின வாரம் போலீஸ் ஜீப் வந்தது. ஈஸ்டர் போக மிச்சமிருந்த ஒயினோடு ஜாடி அப்போதும் கோழிக்கூட்டுக்குப் பின்னால்தான் இருந்தது. வந்தவர்கள் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போய், கோழிகளை விரட்டி, சாக்கை உருவினார்கள். கொஞ்சத்தைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு ஜாடியைக் கல்லில் போட்டு உடைத்தார்கள். யாருக்கு விற்கிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "விக்கலைங்க. பழத்துக்கு ஊத்துறேன்" என்றார்கள் டீச்சர். கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். ஆறுதல் சொல்ல வந்ததுபோலச் செயலரும் வேலியோரம் வந்து நின்றார். டீச்சர் அவரைப் பார்த்தார்கள். அவர் தென்னை மரத்தைப் பார்த்தார்.

ஊர் என்னைத்தான் சந்தேகித்தது. அடுக்களைவரை போய்வருகிறவள் நான்தானே. நான் அழுதுகொண்டே டீச்சரிடம் போனேன். "நீங்க சொல்லியிருந்தா அரிசி மூட்டையில்ல டீச்சர் உருட்டியிருப்பாங்க" என்றார்கள். கணக்கு ஆசிரியை அல்லவா, விடையை அப்போதே போட்டுவிட்டிருந்தார்கள். இதே ஜாடியிலிருந்துதான் செயலர் திருவிருந்துக்கு வாங்கிப் போனார் என்று போலீசிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்லியிருந்தா அவரு மாட்டுவாரு. கூடவே திருவிருந்தும் ஸ்டேஷனுக்குப் போவும். அது வேண்டாங்க."

அபராதம் கட்டி வெளியே வந்தார்கள். தலைமைப் பதவி மைத்துனிக்குப் போனது. 'சாராய டீச்சர்' என்று தெருவில் பெயர் விழுந்தது. பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிப் பெற்றோர்கள் வந்தார்கள். கரும்பலகையில் யாரோ புட்டிப் படம் வரைந்திருந்ததை டீச்சர் அழித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். செயலர் வீட்டு வாசலில் போய் நின்று கத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். "ஆற வுடுங்க டீச்சர்."

ஆறுவதற்குப் பல வருடம் பிடித்தது. மதுவிலக்கைத் தளர்த்திய மறு கோடையில் புது ஜாடி வாங்கினார்கள். பழையபடி எல்லாரையும் கூப்பிட்டார்கள், செயலரையும்தான். முதல் வரிசையில் நாற்காலி போட்டு, தன் கையால் கிண்ணம் கொடுத்தார்கள். எல்லாருடைய கிண்ணமும் சிவப்பாக இருந்தது. அவருடையது மட்டும் வெள்ளை. பழத்தின் மேல் வெறும் சர்க்கரைப் பாகு. "உங்களுக்கு எதுக்குங்க வம்பு, கேஸாயிடும்" என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்க அவருக்கு வாயில்லை. கேட்டால் பதில் வருமே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சிவப்புக் கிண்ணம், அதுவும் நிறைய. மறு வருடமும் அப்படியே. வராமலும் அவரால் இருக்க முடியவில்லை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊர் கேட்கும். அந்த இரண்டு கோடைகளும் நான் சாப்பிட்டதைவிட அவர் சாப்பிடுவதைப் பார்த்ததுதான் அதிகம். இவ்வளவு இனிப்பாக ஒருவரைத் தண்டிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்றாவது கோடைக்கு டீச்சர் எழுந்திருக்கவில்லை. நோய் வயிற்றில். கடைசியாகப் பார்க்கப் போனபோது, அந்த வருடம் கட்டிய ஜாடி கட்டில் அடியில் இருந்தது. "என் பேர்ல கூட்டம் வைப்பாங்க. பழக் கிண்ணம் நீங்க பண்ணிக் குடுங்க. அவருக்கு வெறும் பாகுதான். யாரு காட்டிக் குடுத்ததுன்னு அவரு வாயால சொன்னா மட்டும் ஊத்துங்க" என்றார்கள். சொல்லாவிட்டால் என்று கேட்டேன். "அடுத்த வருசமும் பண்ணுங்க."

நினைவுக் கூட்டம் போன ஞாயிற்றுக்கிழமை அவர் தம்பி வீட்டுப் பந்தலில் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கும் புதுப் போதகர் மன்னிப்பைப் பற்றி அழகாகப் பேசினார். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. எழுந்துபோய்ப் பாகு ஆறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, கிண்ணங்களை எடுத்துவந்தேன்.

செயலர் போதகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மனிதர் தளர்ந்துவிட்டார், கையில் தடி. போதகர் அவருடைய கிண்ணத்தைப் பார்த்துவிட்டு என்னை அழைத்து, செயலர் ஐயாவுக்குச் சிவப்புப் பாகு ஊற்ற மறந்துவிட்டீர்களே என்றார், பாவம், ஒன்றும் தெரியாமல்.

"மறக்கலைங்க. ஏன் ஊத்தலைன்னு ஐயாவைச் சொல்லச் சொல்லிட்டுப் போயிருக்காங்க ரெஜினா டீச்சர். சொன்னா ஊத்திடறேன்."

தனக்குச் சர்க்கரை வியாதி என்று செயலர் முணுமுணுத்தார். கையில் இருந்ததும் சர்க்கரைப் பாகுதான். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எழுந்தார். சிவப்புக் கிண்ணத்தைக் கையிலேயே வைத்திருந்தார், தொடவில்லை. "சொல்லிடுங்க. எந்தங்கச்சிக்காகத்தானே செஞ்சீங்க. நமக்குன்னு இந்தம்மா ரெண்டு நெறத்துல குடுக்கறதை என்னால இனிப் பாக்க முடியாது."

அவர் தடியை ஊன்றி எழுந்து நின்றார். "போலீசுக்கு நாந்தான் சொன்னேன்" என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றேன். உண்மையாகவே கேட்டிருக்காது. இரண்டாவது முறை உரக்கச் சொன்னார். "ரெஜினா டீச்சர் விக்கலை. திருவிருந்துக்கு நானே அந்த ஜாடியிலதான் வாங்குனேன். போலீசுக்கும் நாந்தான் எடத்தைக் காட்டுனேன்."

தன் பெண்ணை வேறு பிரிவுக்கு மாற்றச் சொன்ன ஓர் அப்பா எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும்.

வாக்குக் கொடுத்திருந்தேனே, செயலரின் கிண்ணம் நிறைய ஊற்றினேன். அவர் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, கடைசித் துண்டுவரை சாப்பிட்டார். கண்ணீர் தாடையில் வழிந்தது. எனக்கு மனம் இளகவில்லை. இளகியதாக எழுதினால் டீச்சரே நம்பமாட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு ஜாடியைக் கழுவி, கிணற்றடிச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தேன். உள்ளே மிச்சமிருந்த சிவப்பு, கோடாக வழிந்து, சுவரில் பாதிவரை வந்து காய்ந்தது. அதைத் துடைக்கவில்லை.

டீச்சர், சொல்லவைத்துவிட்டேன். ஊரே கேட்டது. அதற்குப் பிறகுதான் ஊற்றினேன், நன்றாக ஆறிய பிறகுதான் ஊற்றினேன். இனி நிம்மதியாகப் போய் வாருங்கள்.