அக்காவின் ராப் ஆங்கிலம்

போன வாரம் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கூட்டம். என் அக்கா எழுந்து பேசப் போனார் — ஆங்கிலத்தில். நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே சரிந்துகொண்டேன்.

காரணம் இருக்கிறது. ரஜனி அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த புதிதில், ஒரு லாண்டரியில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை பார்த்தார். பக்கத்தில் நின்று மடித்தவர் மார்வா என்ற ஜமைக்காப் பெண். மார்வாவிடம் ஒரு கசெட் பிளேயர். அதில் எந்நேரமும் ஒரே குரல்தான்... அமெரிக்காவின் அந்தப் பெரிய ராப் பாடகர். பெயர் வேண்டாமே! எழுதினால், 'அவரைவிட இவர்தான் பெரியவர்' என்று உங்கள் பிள்ளைகள் எனக்கு ஈமெயில் போடுவார்கள்.

“முதல் ஆறு மாசம் ஆரோ சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேட்டுது” என்பார் அக்கா. பிறகு ஒவ்வொரு வரியாக மார்வாவிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார். தெருவில் மறித்துச் சோதனை போடும் பொலிஸ், தனியாளாய்ப் பிள்ளை வளர்க்கும் தாய், துப்பாக்கிச் சூடு பட்டுச் செத்த சிநேகிதன்...

“இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதைதானே, தம்பி!”

இரண்டே வருடம். அக்கா ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டார். அதே வேகம், அதே தாளம், நடுநடுவே எதுகை வேறு! ஆபீஸ் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், நான் அக்காவை மெல்லக் குசினிப் பக்கம் அனுப்பிவிடுவேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சரி, கூட்டத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்துச் சமூக நிலையத்தில் செவ்வாய்தோறும் பெண்களுக்கு இலவச ஆங்கில வகுப்பு நடக்கிறது. அதை நிறுத்திவிட்டு அறையை ஜிம்முக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு கூடியிருந்தது. வகுப்புக்குத் துணையாக நிற்கும் அக்காவுக்கு மூன்று நிமிடம். கண்ணியமான ஆங்கிலத்தில் நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அக்கா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

“லிசன்” என்று தொடங்கினார். மண்டபம் நிமிர்ந்தது.

வகுப்புக்கு வரும் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். மார்பில் கட்டி. மொழி தெரியாததால் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போயிருக்கிறார். 'கட்டி' என்றால் என்னவென்று லண்டனில் பிறந்த பிள்ளைக்கு விளங்கவில்லை. 'அம்மாவுக்கு நெஞ்சு நோகுது' என்று மட்டும் சொன்னாள். நோவுக்கான மாத்திரையோடு திரும்பினார்கள். சில மாதம் வகுப்புக்கு வந்த பிறகு அந்தப் பெண் தனியே போய், தன் வாயாலேயே சொன்னார். சிகிச்சை கிடைத்தது. இதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்!

“ஒரு தாயின் உயிர் பிள்ளையின் நாக்கில் தொங்கக் கூடாது” என்று முடித்தார். ஆங்கிலத்தில் அது இரண்டு வரி. எதுகை கச்சிதம்.

குழுத் தலைவர், “இந்த ஆங்கிலத்தை எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டார்.

அக்கா அந்தப் பாடகரின் பெயரைச் சொன்னார்.

குழுவில் இருந்த ஓர் இளம் கறுப்பினப் பெண் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு பாட்டின் முதல் வரியைச் சொன்னார். அடுத்த வரியை அக்கா முடித்தார். மண்டபமே கைதட்டியது... நானும்தான். கண் கலங்கியதை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தேன்.

வாக்கெடுப்பில் ஐந்துக்கு மூன்று. வகுப்பு தப்பியது.

பஸ்ஸில் கேட்டேன்: “நான் எழுதித் தந்ததை ஏன் வாசிக்கேல்லை, அக்கா?”

“நீ வடிவா எழுதியிருந்தனீ. ஆனா அதுக்குள்ள நான் இல்லையே!”

அந்தப் பாடகர் இன்று உயிரோடு இல்லை. யாழ்ப்பாணம் என்ற ஊரை அவர் கேள்விப்பட்டிருப்பாரா? தெரியாது. தன் தெருவின் வலியைத் தன் தெருவின் மொழியில் சொன்னார். அது கடல் கடந்து வந்து, இன்னொரு தெருவிலிருந்து ஓடிவந்த என் அக்காவுக்கு நாக்கைக் கொடுத்தது. பாடப்புத்தகங்கள் செய்யாத வேலை.

இந்தச் செவ்வாயிலிருந்து வகுப்பில் பேச்சுப் பயிற்சி அக்காவின் பொறுப்பாம். தோர்ண்டன் ஹீத் டொக்டர்களே... இனி உங்களிடம் வரும் அம்மாக்கள் கொஞ்சம் தாளத்தோடுதான் பேசுவார்கள். பழகிக்கொள்ளுங்கள்!