கவலையில்லாத நோயாளி தேவை

போன செவ்வாய் காலை மகள் ஆரணி பள்ளிக்கூடத்திலிருந்து போன் எடுத்தாள்.

"அப்பா, இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லைத்தானே? அவசரமா ஒரு நோயாளி வேணும்."

அவள் முதியோர் பராமரிப்புத் தொழில் படிக்கிறாள். அன்று செய்முறைச் சோதனை. நோயாளியாக நடிக்க இருந்தவருக்கு உண்மையிலேயே காய்ச்சலாம். வருத்தம் வந்தால் நோயாளியும் லீவு போடுகிற ஊர் இது.

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சும்மாவே கவலைப்படுகிற ஆள்... ரீ-பான் ரயிலில் ஏறியதிலிருந்து யோசனை. கணக்கில் அவளுக்கு ஆறுக்கு இரண்டு. மற்றப் பாடங்களும் அதற்குத் துணையாகத்தான் நிற்கின்றன. இதில் பாஸ் பண்ணினால் ரொம்சோஸில் ஒரு முதியோர் இல்லம் சம்பளத்தோடு வேலை பழக எடுக்கும். பெயில் என்றால்? பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். 'பெயில் என்றால்' என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம்.

ரீச்சர் ஒரு கவுனைத் தந்து கட்டிலில் படுக்கச் சொன்னார்.

"நீங்கள் எண்பது வயதுக் கிழவர். நல்ல சுகம். நல்ல நித்திரை. ஒரு கவலையும் இல்லை."

"வேறை நோய் ஏதும் இல்லையோ?" என்று கேட்டுப் பார்த்தேன். மாரடைப்பு என்றால் சமாளித்திருப்பேன்.

ஆரணி வந்தாள். "வணக்கம், நான் ஆரணி. இண்டைக்கு உங்களைக் கவனிக்கப்போறது நான்தான்" என்று பெற்ற தகப்பனுக்கே இந்த ஊர் நொஸ்க் மொழியில் தன்னை அறிமுகம் செய்தாள். கையில் பட்டியைச் சுற்றிப் பிறெஷர் எடுத்தாள். திரும்பவும் எடுத்தாள். ரீச்சரும் எட்டிப் பார்த்தார். கவலையில்லாத கிழவருக்கு வரக்கூடிய இலக்கமா அது?

"உங்களுக்கு ஏதும் யோசனையோ?" என்று ஆரணி கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் கேட்டால்தானே?

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். இண்டைக்கு அவளுக்குச் சோதனை."

ரீச்சர் பேனையை எடுத்தார். ஆரணியின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"ஆள் எப்பிடி? கெட்டிக்காரியோ?"

"அப்பிடிச் சொல்லேலாது."

"பொறுப்பானவளோ?"

"ஓம். நான் ஒருக்கா இருமினாக் காணும், சுடுதண்ணியோடை வந்து நிப்பாள்."

"அப்ப அவள் தன்ரை அலுவலைப் பாப்பாள். நீங்கள் கதைக்காமல், மெல்ல மூச்சை விடுங்கோ. கதைச்சா பிறெஷர் கூடும்."

கதைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, ஒருவர் சொல்லி நான் கவலைப்படுவதை நிறுத்தினேன். கொஞ்ச நேரம்தான் — மெஷினுக்கு அது போதுமாக இருந்தது. இலக்கம் இறங்கியது.

ஆரணி பாஸ். ரீச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன தத்ரூபமான நடிப்பு. ஆனா நான் தந்த ரோல் இது இல்லையே."

எனக்கு அது பழக்கம்தான். பள்ளிக்கூடத்திலும் கேட்டது ஒன்று, நான் எழுதியது வேறு. அப்போது வெளியே விட்டார்கள். இவர் வாற வருஷமும் வரச் சொல்கிறார்.

மார்க் குறைந்த பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து நாங்கள் பெருமூச்சு விடுகிறோம். சரி, எங்களுக்கு எண்பது வயதாகும்போது கையில் பட்டி சுற்ற வரப்போவது யார்? கணக்கில் ஆறுக்கு ஆறு எடுத்தவர்களா?

திரும்பி வரும்போது ரயிலில் ஆரணி என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் கெட்டிக்காரி எண்டு சொல்லேலாதோ?"

"அது நோயாளி சொன்னது, பிள்ளை."