இன்கிரிமென்ட் வேண்டாங்க, வால்வு வேணும்ங்க

ஹெச்.ஆர். வேலைன்னா ஒண்ணுமில்லீங்க, நல்ல சேதியை முதலாளி சொல்லுவார், அதனால வர்ற வம்பை நாம வாங்கிக் கட்டிக்கணும். இதே நாற்காலியில வதைபடற சக ஜீவன்களே, படிச்சு மனசைத் தேத்திக்குங்க.

வேண்டாத இன்கிரிமென்ட்

கணபதி ஏரியாவுல எங்க பம்பு கம்பெனி. தீபாவளிக்கு முதலாளி குஷியாகி எல்லாருக்கும் சம்பளத்தை ஏத்திட்டார். லேத் ஓட்டற சின்னச்சாமி அண்ணன் மட்டும் எழவு வீட்டு மூஞ்சியோட வந்து நின்னார். சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினா ஈ.எஸ்.ஐ. இலவச வைத்தியம் கிடையாது. அவர் சம்சாரம் சரோஜாக்காவுக்கு இதயத்துல வால்வு கெட்டு, பொங்கல் கழிச்சு ஈ.எஸ்.ஐ.யில ஆபரேஷன்னு சொல்லியிருந்தாங்க.

"அம்மணி, என்ற இன்கிரிமென்ட்ட கேன்சல் பண்ணிப்போடுங்க. ஊட்டுக்காரி இருந்தாப் போதும்ங்க."

காசில்லாதவீங்க

முதலாளிக்கு ரோஷம் வந்துடுச்சு. குடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டாராம், கம்பெனி இன்சூரன்ஸ்ல சேர்த்துவிடச் சொல்லிட்டார். டை கட்டின ஏஜென்ட் ஒருத்தர் வந்தார். அந்தப் பாலிசியில ஆபரேஷன் செலவுல பாதிதான் தேறும், மீதிக்கு சின்னச்சாமி தோட்டத்தைத்தான் விக்கணும். அந்த ஆளு அதைக் கமுக்கமா முழுங்கிட்டு, "உங்களுக்கு கேஷ்லெஸ்ங்க, கேஷ்லெஸ்ங்க"ன்னு பஜனை பாடினார். அண்ணன்கூட வந்திருந்த சரோஜாக்கா அர்த்தம் கேட்டாங்க. நானும் பெரிய மேதாவியாட்டம், "காசில்லாமங்கக்கா"ன்னேன். அக்கா விருட்டுனு எந்திரிச்சுட்டாங்க.

"தோட்டம் இருக்குது, ரெண்டு எருமை இருக்குது. எங்களப் பாத்தா காசில்லாதவீங்களாட்டத் தெரியுதுங்களா?"

வரப்போற சட்டம்

அந்த நேரம் பார்த்து, புதுச் சட்டம் வருது, சம்பளக் கணக்கே மாறுது, வரம்பும் ஏறப்போகுதுன்னு வாட்ஸப்ல ஒரே அமளி. கேன்டீன்ல வடை போடறவர் வரைக்கும் எனக்குச் சட்டம் சொன்னார். எனக்கு ஒரு மண்ணும் புரியலை. "விதிமுறை வரட்டும் அண்ணா, பொறுத்துப் பார்ப்போம்"னு சின்னச்சாமிகிட்ட சமாளிச்சேன். சொல்லும்போதே எனக்கே கேவலமா இருந்துச்சு.

"நான் பொறுத்துக்கறனுங்க அம்மணி. வால்வு பொறுக்கோணுமல்லங்க?"

ஒழுகாத வால்வு

மறுநாள் எங்க பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கன்சல்டன்டுக்குப் போன் போட்டு அழாத குறையா கேட்டேன். மனுஷன் கொட்டாவி விட்டுக்கிட்டே சொன்னார்: ஈ.எஸ்.ஐ.க்கு வருஷம்னா ரெண்டு பருவம், பருவத்துக்கு நடுவுல சம்பளம் ஏறினா அந்தப் பருவம் முடியற வரைக்கும் ஆளை வெளிய தள்ள முடியாது, இந்தப் பருவம் மார்ச்லதான் முடியுது, அது வரைக்கும் கவலையே வேண்டாம். அடப்பாவி, இதைத் தீபாவளிக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! சின்னச்சாமிக்கு இன்கிரிமென்ட்டும் கிடைச்சுது, பொங்கல் கழிச்சு ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. தோட்டமும் தப்பிச்சுது.

என்னையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோட பார்க்கப் போன முதலாளிக்கு வாய் சும்மா இருக்கலை. "ஏனம்மா, வால்வு வேணும்னா நம்ம கம்பெனிலயே ஒண்ணு செஞ்சு குடுத்திருப்பனே"ன்னார். சரோஜாக்கா படுத்தபடியே கும்பிட்டாங்க.

"வேண்டாம்ங்க மொதலாளி. எங்க கெணத்துல உங்க வால்வுதானுங்க போட்டிருக்கு, மாசத்துக்கொருக்கா ஒழுகுதுங்க."

சம்பளம் ஏறினாலும் திட்டு, ஏறாட்டியும் திட்டுங்கற இந்த உத்தியோகத்துல, முதலாளி திட்டு வாங்கி நான் கண்குளிரப் பார்த்தது அந்த ஒரு நாள்தாங்க.