பிரித்துப் பார்க்கிறவர்

ஐம்பதுகளின் கடைசியில், பட்டாசு லேபிள் அடிக்கும் எங்கள் சிவகாசி பிரஸ்ஸில் ஒரு மேஸ்திரி இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, காதில் பென்சில். இறுக்கிக் கட்டிய பண்டலைப் பிரித்து நாலு தாளை உருவிப் பார்க்காமல் லோடு ஏற்ற விடமாட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒருநாள் அவரை நான் அடிக்கப் போனேன்.

பேப்பர் வெட்டும் மிஷினில் கத்தி மாற்றும்போது, அது நழுவி வெட்டுகிறவரின் முன்கையைக் கிழித்துவிட்டது. முதலாளியின் காரில் அவரை ஏற்றி விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். என் துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து அமுக்கிக்கொண்டே வந்தேன். திருத்தங்கல் தாண்டுவதற்குள் மேஸ்திரி துண்டைத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் பீறிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி தூக்கினார்.

"எதுக்கு அண்ணாச்சி தொறக்கீக?" என்று கத்தினேன்.

"நின்னுருச்சான்னு பாக்க வேண்டாமாப்பா?"

"பாத்தா நிக்குமா? அமுக்குனாத்தான் நிக்கும்! இது என்ன லேபிள் பண்டலா?"

அடிபட்டவரே கண் செருக, "மூடுங்க அண்ணாச்சி" என்று முனகினார். அப்புறமும் மேஸ்திரியின் கை துண்டுக்கு வந்தது. முழங்கையால் இடித்துத் தள்ளினேன். மேஸ்திரியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே ஒருவர் எப்படி ஆளைக் கொல்லப் பார்ப்பார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். உயிருக்குப் பயமில்லை என்று நர்ஸ் வந்து சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சாத்திய கதவை மெல்லத் திறந்து எட்டிப் பார்த்தார்.