வாசலைப் பார்த்த ஜன்னல்

கொட்டாஞ்சேனையில் வந்து ஸ்ரனிஸ்லாஸ் என்று கேட்டால் எந்த ஸ்ரனிஸ்லாஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். மைக் ஸ்ரனிஸ்லாஸ் என்றால் தெரு நாய்கூட வழி காட்டும். மனிதர் சும்மா கதைத்தாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அவரும் மனைவி பிறிஜெற்றும் சண்டை பிடித்த காலத்தில் அந்த ஒழுங்கையில் ஒருவரும் டிவி நாடகம் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை.

வேலை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொள்கலன் யார்டில் லொறி நம்பர்களை மைக்கில் கூப்பிடுவது. இப்படியொரு தொண்டையை லொறிகளுக்கு மட்டும் விடலாமா என்று வேதக் கோயில்காரர் திருவிழா நேரத்தில் அவரைப் பிடித்துக்கொண்டுபோய், தொலைந்த பிள்ளைகளை அறிவிக்கிற மேசையில் இருத்தினார்கள். வருடா வருடம் சனம் நெருக்கும், பிள்ளைகள் கை நழுவும், இவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவார். "தாயார் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும். உங்களுடைய பிள்ளை இங்கே காத்துக்கொண்டிருக்கிறது." தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் ஒரே மெட்டு. இங்கிலிஷில் மட்டும் நடுவில் ஒரு இருமல் வரும். இலக்கணம் தெரியாத இடத்தில் இருமினால் போதும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

ஊரார் பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்தவருக்குச் சொந்தப் பிள்ளையின் விஷயத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

ஒரே மகள் இமெல்டா. வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கூட வேலை செய்த தெஹிவளை முஸ்லிம் பெடியனைக் கட்டப்போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, "டடா, அவர்ட பேர்..." என்று தொடங்கினாள்.

ஸ்ரனிஸ்லாஸ் கையைத் தூக்கினார், ரோட்டில் லொறியை மறிக்கிறமாதிரி. "பேரைச் சொல்லாத. அந்தப் பேர் இந்த வீட்டில கேக்கக் கூடாது."

அவள் கோப்பையில் இருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழும்பினாள். அந்தக் கிழமையே போய்விட்டாள். பிறகு அவள் இஸ்லாம் மார்க்கத்தில் சேர்ந்துவிட்டாள், பேரும் மாற்றிவிட்டாள் என்று கேள்வி. என்ன பேர் என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வந்தவர்களுக்கும் அதே கைதான்.

பிறிஜெற் மட்டும் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெஹிவளைக்குப் போய்வருவாள். போகும்போது கொண்டுபோன பை வரும்போதும் வெறுமையாக இருக்கும். அதைக் காணாத அளவுக்கு ஸ்ரனிஸ்லாஸ் குருடர் இல்லை. ஆனால் கேட்கவும் இல்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அவளே சொன்னாள்: "பேரன் ஒருத்தன் இருக்கிறான். ஆறு வயசாகப்போகுது. அச்சு உங்கட காது. சட்டிக்குப் பிடி வச்சமாதிரி." அவர் கை அசைந்ததோ இல்லையோ, பழக்கத்தில் அவள் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டாள். பேரன் பேர் பிறிஜெற்றோடு போய்விட்டது.

அடக்கத்தன்று மயானத்துக்கு முன்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், கறுப்பு அபாயாவில் ஒருத்தி நின்றாள். ஸ்ரனிஸ்லாஸ் கண்டார். கண்டுவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தார். திரும்ப நிமிர்ந்தபோது ஒரு பஸ் குறுக்கே போனது. பஸ் போன பிறகு அங்கே ஒருத்தரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. தனியே தேத்தண்ணி வைத்துக் குடிக்கிற வீட்டில் எல்லாம் மெல்ல மெல்ல உறைக்கும். பிள்ளையைப் பார்க்கவேண்டும், பேரனைப் பார்க்கவேண்டும். பெரிய தூரமும் இல்லை. சந்தியில் நிற்கிற பெடியங்கள் கேட்பார்கள், "அங்கிள், தெஹிவளைக்கு பஸ் நிண்டுபோச்சா?" என்று. பகிடிதான். ஆனால் பதில் சொல்ல முடியாத பகிடி. போய்க் கதவைத் தட்ட ரோஷம் விடவில்லை. தற்செயலாகக் கண்டதாக இருக்கவேண்டும். எங்கேயோ ஒரு கூட்டத்தில், எதிர்பாராமல், "அட, நீயா" என்கிறமாதிரி.

அந்தத் தற்செயலைத்தான் அவர் திட்டம் போட்டுச் செய்யத் தொடங்கினார்.

கல்கிசைக்கு அங்கால் ஒரு கேளிக்கைப் பூங்கா. அதில் புதிதாக ஒரு பகுதி கட்டினார்கள், கடற்கொள்ளையர் தீவு என்று. கடல் பக்கத்திலேயே சும்மா கிடக்க, சீமெந்தில் ஒரு கப்பல், பிளாஸ்டிக்கில் பாறை, வாயைத் திறந்தால் தண்ணீர் துப்புகிற மண்டையோடு. பஸ்களின் முதுகில் எல்லாம் விளம்பரம். பள்ளிக்கூட விடுமுறைக்குத் திறக்கப்போகிறார்கள், மூன்று மொழியிலும் அறிவிக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஸ்ரனிஸ்லாஸ் ஷேவ் எடுத்துக்கொண்டு போனார். கணக்கு இதுதான்: கொழும்பில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் தாயின் உயிரை வாங்கும். தெஹிவளையில் இருக்கிற ஆறு வயதுப் பிள்ளை வாங்காமல் விடுமா? எந்தத் தாய் தாக்குப் பிடிப்பாள்? முதல் நாள் இல்லாவிட்டால் மூன்றாம் நாள். வந்தே ஆகவேண்டும்.

கட்டி முடிகிற நேரத்தில், கூட்டம் எப்படி அசையும் என்று கதைக்க அவரையும் கூப்பிட்டார்கள். வரைபடத்தை விரித்தவள் யதுஷா, வெள்ளவத்தைப் பிள்ளை, கட்டட வடிவமைப்புப் படித்தவள். வருகிறவர்களும் போகிறவர்களும் முட்டுப்படாமல் இருக்க, ஒரு வாசலால் வந்து பின்பக்கத்து வாசலால் போகவேண்டும் என்று கோடு கீறியிருந்தாள். அறிவித்தல் அறையின் ஜன்னல் உள்ளே, கப்பலைப் பார்த்து இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் வரைபடத்தில் விரலை வைத்தார். ஜன்னல் வாசலைப் பார்க்கவேண்டும் என்றார்.

"பிள்ளைகள் உள்ளுக்குத்தானே அங்கிள் தொலைவினம்?" என்று அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்.

அவள் சொன்னது சரி. அது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கோயில் திருவிழாவை இழுத்து, பிள்ளைகள் தொலைவது எப்பவும் வாசலில்தான் என்று ஒரு கதை விட்டார். நடுவில் இரண்டு தரம் இருமினார். பாவம், அனுபவஸ்தர் சொல்கிறார் என்று அவள் நம்பினாள். ஜன்னல் வாசல் பக்கம் போனது. தொலைந்த பிள்ளைகளை இருத்துகிற மர வாங்கு அறையின் பின்சுவரோரம் போனது, அவர் கதிரையின் முதுகுக்குப் பின்னால்.

திறப்பு நாளன்று வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு ஜன்னலில் இருந்தார். வாசல் திறந்தது, சனம் அருவிமாதிரி வந்தது, எல்லாம் அவர் நினைத்தபடிதான். ஒன்றைத் தவிர. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் வாசலில் இலவசமாக ஒரு சிவப்புத் துணி. கொள்ளைக்காரன் கட்டுகிறமாதிரி நெற்றியை மூடி, காதை மூடி, பின்னால் ஒரு முடிச்சு. அத்தனை பிள்ளைக்கும் ஒரே தலை. காதை நம்பி வந்த மனிதர் வாயைப் பிளந்தார்.

பிறகு தாய்மாரைப் பார்க்கத் தொடங்கினார். அபாயா போட்டவர்கள் ஒருவரா இருவரா? ஒவ்வொரு முகமாக, கண் இமைக்காமல் பார்த்தார். பகல் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை.

பின்னேரம் காவல்காரன் ஒருவன் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டான். கப்பலுக்குக் கீழே தனியே நின்றதாம். ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கண்ணால் பார்த்தார், மற்றது ஜன்னலில். பேர் கேட்டார். ஷிராஸ் என்றது. வாப்பா மஷூர், உம்மா நிப்லா. சரியென்று மைக்கைப் போட்டார். மூன்று மொழியிலும் பிசகில்லாமல் சொன்னார். "நிப்லா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வரவும்." இருமல், அது இது எல்லாம் வழமைபோல. சொல்லி முடித்து மறுபடி வாசலைப் பார்த்தார்.

பிள்ளையின் துணி அவிழ்ந்து கண்ணில் விழுந்தது. கட்டிவிடச் சொல்லிக் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலில் இருந்து கண்ணை எடுக்காமலே துணியை இழுத்து முடிச்சுப் போட்டார். கை காதில் பட்டிருக்கும்.

"அங்கிள், யாரைத் தேடுறீங்க?"

"ஒரு பிள்ளையை."

"தொலைஞ்சிட்டா?"

"ஓம்."

"பேர் என்ன?"

"தெரியாது."

பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேர் தெரியாட்டி எப்படி மைக்கில கூப்பிடுவீங்க?"

வாங்கில் போய் இரு என்றார். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார். அது போய் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளையைத் தொலைத்த தாய்மார் ஓடித்தான் வருவார்கள், செருப்பைக்கூட விட்டுவிட்டு. இவள் ஓடி வரவில்லை. பின்கதவு மெல்லத் திறந்தது. பிள்ளை "உம்மா" என்று பாய்ந்தது. அதற்குப் பிறகும் சத்தம் ஒன்றும் இல்லாமல் இருக்கவே ஸ்ரனிஸ்லாஸ் திரும்பினார்.

இமெல்டா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் ஈரம். பிள்ளையைக் கட்டிப் பிடித்திருந்தாள், ஆனால் பார்த்தது அவரை.

"குரல் கேட்டது, டடா. கேட்ட உடனே கால் ஓடேல்ல." மூக்கை உறிஞ்சினாள். "என்ட பேரைச் சொன்னீங்க. இவ்வளவு சனத்துக்கு முன்னால, என்ட பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க."

ஸ்ரனிஸ்லாஸ் எழும்ப நினைத்தார்.

அதற்குள் பிள்ளை நடுவில் புகுந்தது. வெக்கையில் துணியைக் கழற்றி வாங்கில் எறிந்துவிட்டுத் தாயிடம் முறைப்பாடு சொன்னது: "இந்த அங்கிள் என்னைப் பார்க்கவே இல்ல உம்மா. வெளியதான் பார்த்துக்கொண்டு இருந்தார்."

இரண்டு காதும் சிவந்துபோய், சட்டிக்குப் பிடி வைத்தமாதிரி நின்றன.

இமெல்டா பிள்ளையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கத் தொடங்கியது. ஆனாலும் ஒரு சந்தர்ப்பம் கொடுத்தாள். "டடா, தெரிஞ்சுதானே கூப்பிட்டீங்க?"

ஓம் என்று ஒரு சொல். ஜன்னலுக்காக யதுஷாவிடம் விட்ட கதையில் கால்வாசி போதும். ஒரு இருமல் போதும். ஆனால் அந்த நேரம் பார்த்து மனிதருக்குப் பொய் வரவில்லை. பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டு, "துணி மறைச்சிட்டுது..." என்றார்.

அவள் முகத்தைத் துடைத்தாள். முன்னொரு நாள் கோப்பையைக் கழுவி வைத்தாளே, அதே அமைதி.

"அங்கிளுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க, மகன்."

"தேங்க்ஸ் அங்கிள்" என்று பிள்ளை கையாட்டியது. கதவு சாத்திக்கொண்டது.

ஸ்ரனிஸ்லாஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள், தலை தலையாக, சிவப்புச் சிவப்பாக. போகிற வாசல் பின்பக்கம். இந்த ஜன்னலால் வருகிற ஆட்களை மட்டும்தான் பார்க்கலாம், போகிற ஒருத்தரையும் பார்க்க முடியாது.

மைக்கை எடுத்தார். இந்தத் தரம் தட்டிப் பார்க்கவில்லை.

"நிப்லா" என்றார். "நிப்லா... எங்கிருந்தாலும் உடனடியாக வரவும். உங்களுடைய..."

அதற்கு மேல் அந்தத் தொண்டையில் ஒன்றும் வரவில்லை. தீவு முழுக்கச் சனம் ஒலிபெருக்கிக் கம்பத்தைப் பார்த்துக் காத்து நின்றது. வரிசையில் நின்ற தாய்மார் எல்லாரும் ஏனென்று தெரியாமலே குனிந்து, தங்கள் தங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் மைக்கை நிறுத்திவிட்டுக் கதிரையை வாங்குப் பக்கம் திருப்பினார். வாங்கில் சிவப்புத் துணி கிடந்தது. அவர் போட்ட முடிச்சு அவிழாமல் இருந்தது.